கனடாவில பனிக்கு செய்யிறது எங்கட மாரிக்குச் சரிவருமோ? ஏசி வெளி யூனிட்டை மூடுறதைப் பற்றி

தங்கச்சி, நீங்கள் கேட்டதை என்ர பாஷையில ஒருக்கா திருப்பிச் சொல்லுறன், பிழையெண்டா திருத்துங்கோ. கனடாவில இருக்கிற அண்ணா போன்ல சொல்லியிருக்கிறார், குளிர் தொடங்க முன்னம் நாங்கள் இஞ்ச ஹீட் பம்பை சர்வீஸ் செய்து ஆயத்தப்படுத்திறனாங்கள், உங்கட வீட்டில பூட்டியிருக்கிற ஏசியும் அதே சாமான்தான், நீங்களும் மாரிக்கு முதல் செய்து வையுங்கோ எண்டு. நீங்கள் ரிமோட்டைப் பாத்தா அதில சூடாக்கிறதுக்கான சூரியன் படமும் கிடக்கு. அதால வெளி யூனிட்டை தரப்பாள் போட்டு மூடிக் கட்டலாமோ, மார்கழி தையில மாமாவுக்கு குளிர் ஒத்துக்கொள்ளாது எண்டபடியால் ஹீட் போட்டு விடலாமோ எண்டு கேக்கிறீங்கள். பாக்க ரெண்டு கேள்வி மாதிரித்தான் இருக்கு, ஆனா உள்ளுக்குள்ள ஒண்டுதான்: பனிக்கு செய்யிற ஆயத்தம் மழைக்குப் பொருந்துமோ எண்டது. பெரும்பாலும் பொருந்தாது. மெசின் ஒண்டுதான், எதிரி வேற. அங்க எதிரி பனிக்கட்டி, இஞ்ச தண்ணி, இடி, எலி, பல்லி, எறும்பு.

நான் ஆரெண்டும் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். ஏசி வேலை பழகினது வவுனியாவில, பிறகு 7 வருசம் கட்டார்ல மொட்டைமாடி மொட்டைமாடியா ஏறி இறங்கினது, 2014 இல ஊருக்கு வந்து இண்டைக்கு வரைக்கும் பரந்தன், தருமபுரம், விசுவமடு, முள்ளியவளை, முல்லைத்தீவு எண்டு மோட்டச்சைக்கிள்ல ஏணியைக் கட்டிக்கொண்டு திரியிறன். பனியை நான் குளிர்ப்பெட்டிக்குள்ள மட்டும்தான் கண்டனான், அதையும் சொல்லோணும். கனடா நோர்வேப் பக்க விசயம் எனக்குத் தெரிஞ்சது சர்வீஸ் புத்தகத்தில படிச்சதும், அங்க இதே வேலை செய்யிற மச்சான் ஒருத்தனோட கதைச்சதும்தான். எங்கட பக்க விசயம் கையால செய்து, சிலதுக்கு கரண்ட் அடியும் வாங்கி அறிஞ்சது. அதுக்கேத்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல அண்ணா சொன்னது சரி, ஏசியும் ஹீட் பம்ப்தான். வயலுக்கு இறைக்கிற பம்பை யோசிச்சுப் பாருங்கோ, அது தண்ணியை உண்டாக்கிறதில்லை, கிணத்தில கீழ கிடக்கிறதை மேல தூக்கித் தருது, அவ்வளவுதான். ஏசியும் சூட்டை உண்டாக்கவும் இல்லை அழிக்கவும் இல்லை, வீட்டுக்குள்ள கிடக்கிற சூட்டை காஸில ஏத்தி வெளியில கொண்டுபோய்க் கொட்டுது. அதே பம்பைத் திருப்பி விட்டா வெளியில இருக்கிற சூட்டை உள்ளுக்கு இறைக்கும். அப்பிடித் திருப்புறதுக்கு வெளி யூனிட்டுக்குள்ள ஒரு நாலு வழி வால்வ் இருக்கும், உங்கட ரிமோட்டில சூரியன் இருக்கிறது பொதுவா அந்த வால்வ் உள்ள மெசினுக்குத்தான் (சில கம்பனியள் எல்லா மொடலுக்கும் ஒரே ரிமோட்டைக் குடுத்துவிடும், அப்ப சூரியன் இருந்தாலும் ஹீட் வராது, வெளி யூனிட் லேபிள்ல ஹீட்டிங் எண்டு ஒரு கணக்கு போட்டிருக்கோ எண்டு பாத்தாத்தான் தெரியும்). வெளியில கடும் குளிர் இல்லாட்டி 1 யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் அளவில சூட்டை இறைச்சுத் தரும், அதாலதான் குளிர் நாட்டுக்காரர் இதுக்குப் பின்னால ஓடுறாங்கள். ஒரு சின்னப் புதினம், இந்த யோசினையை 1852 இல கெல்வின் எண்ட விஞ்ஞானி எழுதி வைச்சவர், ஆனா அந்தப் பத்தாண்டிலயே அதை முதல் முதல் வேலை செய்ய வைச்சது ஒஸ்ரியாவில ரிட்டிங்கர் எண்டொரு எஞ்சினியர், எங்கயெண்டா ஒரு உப்பளத்தில, உப்புத்தண்ணியை வத்த வைக்கிறதுக்கு. ஆனையிறவு உப்பளத்தால போகேக்குள்ள எல்லாம் எனக்கு அந்த மனிசன்தான் ஞாபகம் வரும், எங்களுக்கு அந்த வேலையை வெய்யில் சும்மா செய்து தருது.

இப்ப அண்ணா ஏன் அங்க அவ்வளவு மினக்கெடுகிறார் எண்டு பாப்பம். குளிருக்குள்ள மெசின் ஹீட்டில ஓடேக்குள்ள வெளி யூனிட்டின்ர கொயில்தான் (காஸ் ஓடுற வளைஞ்ச பைப்) குளிருற பக்கம், வெளிக் காத்தை விடவும் குளிரா இருக்கும், அதில ஈரம் பட்டு பனியா உறைஞ்சு பிடிக்கும். மெசின் அதை உணர்ந்து இடைக்கிடை கொஞ்ச நிமிசம் தன்னைத் திருப்பி ஏசி மாதிரி ஓடி அந்தப் பனியை உருக்கும், அதுக்கு டீபுரொஸ்ட் எண்டு பேர். உருகின தண்ணி கீழ வடியோணும், வடியாட்டி திரும்பவும் உறைஞ்சு கட்டியாகி விசிறியில முட்டும். அதால அங்க வெளி யூனிட்டை பனி குவியிற உயரத்துக்கு மேல ஸ்டாண்டில தூக்கி வைக்கிறது, சுத்திவர பனியை அள்ளுறது, இலை குப்பையை எடுக்கிறது, பில்டர் கழுவுறது, மேலதிகமா உள்ள கரண்ட் ஹீட்டர் வேலை செய்யுதோ எண்டு பாக்கிறது. ஒண்டைக் கவனியுங்கோ, குளிர்காலத்தில ஓடுற ஹீட் பம்பை அங்கயும் ஆரும் மூடுறதில்லை. மூடினா காத்து இல்லை, காத்து இல்லாட்டி சூடு இல்லை. சில பேர் கோடைக்கு மட்டும் பாவிக்கிற ஏசியைத்தான் குளிருக்கு மூடி வைக்கிறவை. உங்கட அண்ணா மூடச் சொல்லியிருப்பார் எண்டு நான் நினைக்கேல்லை, மேல கூரை மாதிரி ஒண்டு போடச் சொல்லியிருப்பார், அது இஞ்ச வந்து சேரேக்குள்ள தரப்பாளா மாறியிருக்கும்.

ஆகவே தரப்பாளுக்கு என்ர பதில், வேண்டாம். இதில எனக்கு ஒரு ஐமிச்சமும் இல்லை. வெளி யூனிட் மழைக்குள்ள நிக்கவெண்டே செய்தது, மேலால விழுற மழை அதுக்கு ஒண்டும் செய்யாது, நனையக்கூடாத போர்டை (மெசினை இயக்கிற எலக்ட்ரோனிக் தட்டு) தகரப்பெட்டிக்குள்ள மேல்பக்கமா வைச்சிருப்பாங்கள். தரப்பாளால இறுக்கிக் கட்டினா என்ன நடக்குமெண்டா நிலத்தில இருந்து எழும்புற ஈரம் வெளியில போக இடமில்லாமல் உள்ளுக்கயே நிண்டு ஸ்க்ரூ, பிராக்கட், கனெக்சன் எல்லாம் கறள் பிடிக்கும். அதைவிட மோசம், மழைக்கு ஒதுங்க இடம் தேடித் திரியிற எலிக்கு நீங்கள் வீடு கட்டிக் குடுக்கிறீங்கள். விசுவமடுப் பக்கம் ஒரு வீடு, ஐப்பசியில வடிவா தரப்பாள் சுத்தி கயிறு போட்டு முடிஞ்சு வைச்சவை, மாசியில கூப்பிட்டவை மெசின் ஸ்டார்ட் ஆகேல்லை எண்டு. அவிட்டுப் பாத்தா உள்ளுக்க வைக்கோலும் பொலித்தீனும் சேத்து எலி குடும்பம் நடத்துது, கொம்பிரசருக்குப் போற வயரும் சென்சர் வயரும் அரிச்சுக் கிடக்கு. அது பரவாயில்லை, வயர் மாத்தினா முடிஞ்சுது. இன்னொரு வீட்டில மூடியிருக்கிறது தெரியாமல் பேரப்பிள்ளை ரிமோட்டை அமத்தி, வெளி யூனிட் தரப்பாளுக்குள்ள மூச்சுவிட இடமில்லாமல் கொதிச்சு கொதிச்சு நிண்டு, விசிறி மோட்டரும் போய் போர்டும் போய், கடைசியில பாதி விலைக்கு செலவு வந்தது.

மேலால தேங்காய் விழும், ஓட்டுத்தண்ணி நேர வந்து கொட்டும் எண்டா அது வேற கதை, அப்ப ஒரு சின்ன தகரத்தை சுவரில இருந்து சரிவா அடியுங்கோ, யூனிட்டின்ர மேல்பக்கத்துக்கும் தகரத்துக்கும் ஒரு அடிக்கு மேல இடைவெளி இருக்கோணும், முன்பக்கமும் பக்கவாட்டும் திறந்தபடி கிடக்கோணும். மாரியில மழை வாடைக்காத்தோட வடகிழக்கால சாய்ச்சுத்தான் அடிக்கும். புதுசா பூட்டுற ஆக்களுக்கு நான் சொல்லுறது, தெற்குச் சுவரோ மேற்குச் சுவரோ கிடைச்சா அதில போடுங்கோ எண்டு. மேற்கில பின்னேர வெய்யில் அடிக்கும், அதுக்குப் பக்கத்தில ஒரு முருங்கையோ கறிவேப்பிலையோ நிண்டா போதும். ஏற்கெனவே பூட்டினதைக் கழட்டி மாத்தோணும் எண்டில்லை, அது வீண் செலவு.

மழையை விடப் பயப்பிட வேண்டியது வெள்ளத்துக்கு. 2018 மார்கழியில இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்து வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கும், கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் எத்தினை வீட்டுக்குள்ள தண்ணி. அந்த முறை நான் பாத்த பழுதான மெசினில முக்கால்வாசி நிலத்தில ரெண்டு கல்லு அடுக்கி அதுக்கு மேல வைச்சது. சுவரில பிராக்கட்டில தொங்கினது தப்பியிட்டுது. உங்கட வளவில அந்த வருசம் தண்ணி எவ்வளவு உயரத்துக்கு நிண்டது எண்டு மாமாவைக் கேளுங்கோ, அவருக்கு கட்டாயம் தெரியும், அதுக்கு மேல ஒரு முழம் விட்டு யூனிட் இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லாட்டி மழை இறுக முன்னமே ஆளைப் பிடிச்சு உயத்துங்கோ, காஸ் பைப்பில கொஞ்சம் நீளம் மிச்சம் இருந்தா கழட்டாமலே உயத்தலாம். இதுதான் உங்கட கேள்வியில உண்மையா மாரிக்கு முதல் செய்யோண்டிய முதல் அவசர வேலை. அண்ணா பனிக்கு மேல தூக்கி வைக்கிறார், நீங்கள் வெள்ளத்துக்கு மேல தூக்கி வைக்கிறீங்கள், இந்த ஒரு விசயத்தில ரெண்டு நாடும் ஒத்துப்போகுது.

தண்ணிக்குள்ள தாண்டிட்டுது எண்டு வையுங்கோ, அப்ப செய்யக்கூடாதது, தண்ணி வத்தினவுடன வேலை செய்யுதோ எண்டு ஒருக்கா போட்டுப் பாக்கிறது. எல்லாரும் செய்யிறது அதுதான், அதோட போர்ட் போயிடும். பிரேக்கரை இறக்கி விட்டிட்டு ஆள் வாற வரைக்கும் விடுங்கோ. நீங்களே மூடியைக் கழட்டித் துடைக்கவும் வெளிக்கிடாதேங்கோ, இன்வெட்டர் மெசினுக்குள்ள (கொம்பிரசரின்ர வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற வகை) கரண்டை நிப்பாட்டின பிறகும் கப்பாசிற்றரில 300 வோல்ட்டுக்கு மேல கொஞ்ச நேரம் தேங்கி நிக்கும். நான் மேல சொன்ன கரண்ட் அடி அதில வாங்கினதுதான், கட்டார்ல, அவசரப்பட்டு.

அடுத்தது கரண்ட். இதில அண்ணா சொல்லுறதும் நான் சொல்லுறதும் நேரெதிரா இருக்கும், குழம்பாதேங்கோ. அங்க குளிருக்குள்ள ஹீட் பம்பின்ர பிரேக்கரை இறக்க வேண்டாம் எண்டுவினம், ஏனெண்டா கனக்க மெசின்ல கொம்பிரசரின்ர அடியில ஒரு சின்ன ஹீட்டர் இருந்து எண்ணெயைச் சூடா வைச்சிருக்கும், கரண்ட் இல்லாமல் கனநேரம் கிடந்தா திரும்ப ஓட முன்னம் சில மணித்தியாலம் கரண்டில விட்டு வைக்கோணும். எங்கட வெக்கையில அந்தத் தேவை இல்லை. இஞ்ச பயம் இடிக்கு. ஐப்பசி கார்த்திகையில பின்னேரத்தில கறுத்து வாற மழைதான் இடியோட வாறது, மார்கழி வாடை மழை கன நேரம் பெய்யும் ஆனா இடி குறைவு. இடி முழங்கத் தொடங்கினா ரிமோட்டால நிப்பாட்டினா போதாது, ரிமோட்டால நிப்பாட்டினாலும் போர்டுக்கு கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். ஏசிக்கெண்டு இருக்கிற பிரேக்கரை இறக்குங்கோ, பிளக்கில பூட்டினதெண்டா பிளக்கைக் கழட்டிறதுதான் திறம். அதையும் இடி தலைக்கு மேல வந்த பிறகு ஓடிப்போய்ச் செய்யிறேல்லை, தூரத்தில கேக்கேக்குள்ளயே செய்யோணும். ட்ரிப் சுவிட்ச் இடியில இருந்து காப்பாத்தும் எண்டு கனபேர் நினைக்கினம், அது ஆளைக் கரண்ட் அடியில இருந்து காப்பாத்த வைச்சது, மெசினை இடியில இருந்து இல்லை. ஆனாலும் மாரிக்கு முதல் அதில இருக்கிற டெஸ்ட் பட்டனை ஒருக்கா அமத்திப் பாருங்கோ, டக்கெண்டு விழோணும், விழாட்டி உடன மாத்துங்கோ, ஈர நிலத்தில வெறுங்காலோட நிக்கிற வீட்டில அது விளையாட்டில்லை.

கரண்ட் போய்ப்போய் வாற நாளில வந்தவுடன ஏசியைப் போடாதேங்கோ, ஒரு 5 நிமிசம் விடுங்கோ, வந்தவுடன வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். மெசின் தானாகவே ஒரு 3 நிமிசம் பிந்தித்தான் கொம்பிரசரை எடுக்கும், அது பழுது இல்லை, அப்பிடித்தான் செய்தது. பெற்றோல் ஜெனரேற்றரில ஏசியை ஓட்டலாமோ எண்டும் கட்டாயம் ஆரும் கேப்பீங்கள், 12,000 பிடியூ (குளிராக்கிற அளவு) மெசின் ஓடேக்குள்ள ஒரு 1 கிலோவாட் சொச்சம் எடுக்கும், கடைத்தெருவில விக்கிற சின்ன ஜெனரேற்றர் அதுக்குத் தாங்காது, அதின்ர கரண்ட் வடிவா இல்லாததால போர்ட்தான் அடிபடும். அந்த ஜெனரேற்றரை பேனுக்கும் லைட்டுக்கும் வைச்சுக்கொள்ளுங்கோ.

இப்ப சின்னச் சீவன்களுக்கு வருவம், எனக்குச் சோறு போடுறதே இதுகள்தான். மழை பெய்து நிலம் ஈரமானா எறும்பும் பல்லியும் காய்ஞ்ச, இளஞ்சூடான இடம் தேடும், வெளி யூனிட்டின்ர போர்ட் பெட்டி அதுகளுக்கு அரண்மனை. பல்லி போர்டில ரெண்டு கரண்ட் முனைக்கு நடுவில குறுக்கால நிண்டா அதுவும் செத்து போர்டும் செத்து. பைப்பும் வயரும் சுவருக்குள்ளால போற ஓட்டையை புட்டியோ சிமெந்தோ போட்டு அடையுங்கோ, உள்ளயும் வெளியயும் ரெண்டு பக்கமும். கனபேர் ஒரு பக்கம் மட்டும் அடைச்சிட்டு விடுறவை. வெளி யூனிட்டில வயர் போற பக்க மூடி ஸ்க்ரூ எல்லாம் இருக்கோ எண்டும் பாருங்கோ, எங்கட தொழில்காரரில சில பேர் நாலு ஸ்க்ரூ கழட்டி ரெண்டைத்தான் திருப்பிப் பூட்டுவினம். எறும்புக்கு எண்டு யூனிட்டுக்குள்ள மருந்து அடிக்காதேங்கோ, பவுடரும் போடாதேங்கோ. யூனிட் நிக்கிற மேடையைச் சுத்தி நிலத்தில போடுங்கோ, அது காணும்.

அதோட தண்ணி போற பைப். உள் யூனிட்டில இருந்து சுவருக்குள்ளால வாற அந்த மெல்லிய பைப்பின்ர முனை எங்க போய் முடியுது எண்டு இண்டைக்கே போய்ப் பாருங்கோ. கோடையில நிலத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தாலும் பிரச்சினை இல்லை, மாரியில அதே இடத்தில தண்ணி தேங்கி முனை தண்ணிக்குள்ள தாழும், உள்ளுக்க காத்து அடைச்சு தண்ணி இறங்காது, பிறகு ஹோலுக்குள்ள கட்டிலுக்கு மேல ஒழுகும். அதுக்கு ஆளைக் கூப்பிட்டு காசு குடுக்கிறதுக்கு முன்னம் பைப்பை நிலத்தில இருந்து 3 அங்குலம் மேல வாறமாதிரி வெட்டி விடுங்கோ. வாளி வைச்சுப் பிடிக்கிற ஆக்கள் பைப் முனை வாளித் தண்ணிக்குள்ள தாழாமல் பாருங்கோ, வாளியையும் நாளுக்கு நாள் ஊத்துங்கோ, மாரி எண்டா டெங்குக் காலம். முனையில குளவி மண்கூடு கட்டும், ஒரு துண்டு கம்பிவலை கட்டலாம், ஆனா நுளம்பு வலை மாதிரிச் சின்னக் கண்ணில வேண்டாம், அதில பாசி பிடிச்சு அதுவே அடைப்பாயிடும்.

கழுவுறது பற்றி. உள் பில்டரை நீங்களே கழட்டி குழாயில கழுவி நிழல்ல காயவிட்டுப் போடலாம், மாசம் ஒருக்கா, அதுக்கு ஒருத்தரும் தேவையில்லை. வெளி யூனிட்டை பிரேக்கரை இறக்கிப்போட்டு தோட்டத்துக்கு விடுற ஹோசால மெதுவா கழுவலாம், கிரவல் ரோட்டோரம் இருக்கிற வீடுகளுக்கு கோடை முழுக்கப் பிடிச்ச செம்புழுதி மழையோட சேந்து சேறா இறுக முன்னம் கழுவுறது நல்லது. ரெண்டு அங்குல பம்பைப் பூட்டி அடிக்காதேங்கோ, அந்த அலுமினியத் தகடு கடுதாசி மாதிரி, மடிஞ்சா காத்துப் போகாது. வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கியால கழுவின புண்ணியவானும் இருக்கிறார், வேகம் சரிதான் ஆனா டாங்கிக்குள்ள கிடந்த களைநாசினி வாசம் ஒரு கிழமை வீட்டுக்குள்ள. முல்லைத்தீவு கடற்கரைப் பக்கம் எண்டா உப்புக்காத்துக்கு இன்னும் அடிக்கடி கழுவோணும், பிராக்கட் கறளையும் பாத்து பெயின்ற் அடியுங்கோ, பிராக்கட் உடைஞ்சு யூனிட் கீழ விழுந்ததையும் நான் கண்டனான்.

சர்வீசுக்கு வாற ஆள் கையோட காஸ் அடிக்கோணும் எண்டு சொன்னா கேள்வி கேளுங்கோ. காஸ் எண்டது பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்லை, மூடின பைப்புக்குள்ள சுத்திக்கொண்டே இருக்கிறது. குறைஞ்சிருந்தா எங்கயோ லீக், லீக்கை அடைக்காமல் அடிச்சா அடுத்த மாரிக்கும் அதே பில். வருசா வருசம் காஸ் அடிக்கிற பழக்கம் எங்கட தொழிலில இருக்கிற ஒரு கள்ளம், சொன்னா சில பேர் என்னோட கோவிப்பினம், கோவிக்கட்டும். உங்கட மெசின் ஆர் 32 எண்டா அந்தக் காஸ் லேசா எரியக்கூடியது, அறைக் கதவைப் பூட்டிப்போட்டு பீடி குடிச்சுக்கொண்டு பைப் ஒட்டுற ஆளை வெளியில அனுப்புங்கோ.

இனி மாமாவும் சூரியன் பட்டனும். எங்கட பக்கம் தை மாசம் விடியப்புறத்தில 20, 21 பாகைக்கு வந்தாலே நாங்கள் மங்கி குல்லா போட்டுக்கொண்டு திரிவம், பகல்ல திரும்பவும் 28 க்கு மேல போயிடும். ஹீட்டில ஓடுறதுக்கு இந்த வீட்டு மெசின்களுக்கு வெளிச் சூட்டில ஒரு மேல் எல்லை இருக்கு, கனக்க மொடலுக்கு 24 பாகை அளவில போட்டிருப்பாங்கள். அதுக்கு மேல வெளியில சூடு இருக்கேக்குள்ள ஹீட் போட்டா உள்ளுக்க அமுக்கம் ஏறி மெசின் தன்னைக் காப்பாத்த நிண்டு நிண்டு எடுக்கும். ஆகவே இரவில விடியப்புறத்தில வேலை செய்யும், பகல்ல போடாதேங்கோ, இரவில போட்டாலும் 24 இல வைச்சு அரை மணித்தியாலம் போட்டு நிப்பாட்டினா காணும். ஒரு நாளும் பாவிக்காத மெசினில முதல் தரம் போடேக்குள்ள புஸ் எண்டொரு சத்தம் வரும், அது வால்வ் திரும்புற சத்தம், பயப்பிட வேண்டாம்.

ஆனா மாமாவுக்கு குளிர் எண்டு நீங்கள் சொல்லுறது குளிரோ ஈரமோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மாரியில கால் கை உளைவு எண்டு சொல்லுற வயசாளிகளை நான் கன வீட்டில பாக்கிறன், அறைக்குள்ள போனா சுவர் ஊறி, தலகாணி பூஞ்சணம் மணத்துக்கொண்டு கிடக்கும். உளைவுக்கும் ஈரத்துக்கும் என்ன தொடர்பெண்டு டொக்டர்தான் சொல்லோணும், அது என்ர வேலை இல்லை. பூஞ்சணத்துக்கு என்னட்டப் பதில் இருக்கு: ரிமோட்டில தண்ணித்துளி படம் போட்ட ட்ரை. அதில விசிறியை மெல்லமா ஓட்டி காத்தில இருக்கிற ஈரத்தை தண்ணியா வடிச்சு வெளியில விடும். ஹீட் ஈரத்தை வெளியில எடுக்கிறதில்லை, காத்தைச் சூடாக்கிறதால காய்ஞ்ச மாதிரித் தெரியும், நிப்பாட்டினா திரும்ப வந்திடும். ட்ரையில அறை கொஞ்சம் குளிரும், அதால மாமா ஹோலில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிற நேரம் அவற்ர அறைக் கதவு யன்னலைச் சாத்திப்போட்டு ஒரு மணித்தியாலம் ஓட விட்டு, நிப்பாட்டின பிறகு அவரை விடுங்கோ. யன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு ட்ரை போட்டா வன்னியின்ர மழைக்காத்து முழுக்கக் காயவைக்க வெளிக்கிட்டமாதிரி, முடியாது.

மாரி முழுக்கப் பாவிக்கிறேல்லை எண்டு முடிவெடுத்தா கடைசியா நிப்பாட்டுற நாளில விசிறியில மட்டும் ஒரு 2 மணித்தியாலம் ஓட விடுங்கோ, உள்ளுக்க கொயில் காயும், காயாமல் நிப்பாட்டினா தை மாசம் போடேக்குள்ள ஊறின சாக்கு மணம் வரும். பிரேக்கரை இறக்குங்கோ, ரிமோட் பற்றரியைக் கழட்டுங்கோ. நான் சொல்லுறது முழுக்க நிப்பாட்டாமல் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, மழை விட்ட ஒரு பகல்ல, அரை மணித்தியாலம் ஓட்டுங்கோ எண்டு. எலி எறும்பு குடியேறாமல் இருக்கிறதுக்கு அதை விட நல்ல வழி எனக்குத் தெரியேல்லை, ஆனா இது புத்தகத்தில உள்ளதில்லை, அனுபவம்தான். ஸ்டெபிலைசர் வேணுமோ எண்டதும் அப்பிடித்தான், புது இன்வெட்டர் மெசின்கள் கொஞ்சம் ஏறி இறங்கிறதைத் தாங்கும், ஆனா லைன் கடைசியில இருக்கிற வீடு, பின்னேரத்தில மீட்டர் பிடிச்சா 190 வோல்ட் காட்டுது எண்டா போடுங்கோ எண்டுதான் சொல்லுவன், இன்னொரு மெக்கானிக் வேண்டாம் எண்டுவார், ரெண்டு பேரிலயும் பிழை இல்லை. கடையில விக்கிற நுரை ஸ்பிரேயால உள் கொயிலைக் கழுவுறதில எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, நுரையைத் திருப்பிக் கழுவி எடுக்காட்டி அதிலயே புழுதி ஒட்டும்.

பிறகு மாசி பங்குனியில அறுவெட்டு முடிய, வயல் பக்கத்தில வீடு எண்டா பதரும் தூசும் வெளி யூனிட்டில கம்பளி மாதிரி பிடிச்சிருக்கும், அப்ப ஒரு முழுக் கழுவல் கழுவித்தான் வெக்கைக்குப் போடோணும். எங்கட கணக்கில ஏசிக்கு உண்மையான சர்வீஸ் காலம் அதுதான், மாரிக்கு முதல் இல்லை. இப்ப செய்ய வேண்டியது யூனிட்டின்ர உயரம், தண்ணிப் பைப்பின்ர முனை, சுவர் ஓட்டை, ட்ரிப் சுவிட்ச் நாலும்தான். வெளி யூனிட்டின்ர பக்கத்தில ஒட்டியிருக்கிற லேபிளையும் அது நிக்கிற இடத்தையும் ரெண்டு படம் எடுத்துப் போடுங்கோ தங்கச்சி, ஹீட் உள்ளதோ இல்லையோ, உயத்தோணுமோ வேண்டாமோ எண்டு பாத்துச் சொல்லுறன். தரப்பாளை விறகு நனையாமல் மூடப் போடுங்கோ.